இறங்கும் நேரத்தில் ஓட்டோபைலட் சொல்வழி கேட்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிப்போம்

கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு சிமுலேட்டர் இருக்கிறது. பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம், ஒரு பழைய மேசை, இரண்டு திரை, ஒரு ஜொய்ஸ்டிக், பழைய இரும்புக் கடையில் எடுத்த வான் சீற் ஒன்று. சனிக்கிழமை பின்னேரம் ரியூசன் முடிந்த கையோடு நாலைந்து பெடியள் வந்துவிடுவார்கள். எல்லோருக்கும் கிளப்பத் தெரியும், மேலே நேராக ஓட்டத் தெரியும். கடைசிப் பதினைந்து மைலில்தான் அந்தக் கேள்வி வரும்: "அண்ணை, இது ஏன் இப்படிச் செய்யுது?"

நான் விமானி இல்லை. விபத்து விசாரணை அறிக்கைகளை வாசிக்கும் பைத்தியம் பிடித்த ஒருவன், அவ்வளவுதான். வாசித்ததில் விளங்கியது என்னவென்றால், ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களும் எங்கள் பெடியள் தடுக்கி விழும் அதே இடங்களில்தான் விழுந்திருக்கிறார்கள். ஆகவே அறிகுறி, காரணம், கைவைத்தியம் என்ற மாதிரி எழுதுகிறேன். எயார்பஸ் ஏ320, போயிங் 737, 777 இவற்றின் பழக்கத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். உண்மையில் விமானி ஆகப் படிக்கிறவர்கள் தங்கள் கையேட்டைப் பாருங்கள். அதுவும் இதுவும் முட்டினால் கையேடுதான் சரி.

எதையும் தொடமுதல்

முன் திரையின் மேல் விளிம்பில் சின்ன எழுத்தில் ஒரு வரிசை இருக்கும். எஃப்எம்ஏ என்பார்கள். வேகத்தை யார் பார்க்கிறார், உயரத்தை யார் பார்க்கிறார், திசையை யார் பார்க்கிறார், ஓட்டோபைலட் உண்மையில் போட்டிருக்கிறதா இல்லையா, எல்லாம் அதில்தான் இருக்கிறது. பெடியள் பார்ப்பது அதை அல்ல, பட்டனை. பட்டனை அழுத்தினேன், லைற் எரிந்தது, ஆகவே வேலை செய்யும் என்ற நம்பிக்கை. பட்டன் என்பது நீங்கள் கேட்டது. மேலே எழுத்தில் வருவது விமானம் ஒத்துக்கொண்டது. இரண்டும் ஒன்றில்லை. எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: எழுத்து மாறினால் ஓட்டுகிறவன் வாயால் சத்தமாகச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருக்கிறவன் ஓம் என்று சொல்ல வேண்டும். முதல் நாள் சிரிப்பார்கள். மூன்றாம் கிழமை தாங்களாகவே சொல்வார்கள்.

மற்றது, ஓட்டுவதில் மூன்று படி இருக்கிறது. மேல் படியில் கணினி போட்ட பாதையில் கணினியே ஓட்டும். நடுப்படியில் திசையையும் இறக்க வீதத்தையும் நீங்கள் திருகிக் கொடுப்பீர்கள், ஓட்டோபைலட் பிடித்துக்கொள்ளும். கீழ்ப்படியில் கை. குழப்பம் வந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். எங்கள் ஆட்கள் செய்வது நேர் எதிர்: குழம்பியவுடன் கணினியில் இன்னும் நாலு வரி தட்டுவது. தட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் விமானம் நிமிடத்துக்கு இரண்டரை மைல் போய்விடும்.

அறிகுறி: வேகம் விழுகிறது, எஞ்சின் சும்மா இருக்கிறது

இதைத்தான் முதலில் எழுத வேண்டும், மற்ற எல்லாவற்றையும் விட ஆட்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். எஞ்சின் சக்தியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஓட்டோதிரொட்டில் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருப்பீர்கள். அது பார்க்கவில்லை. பழுதாகிக் கிடக்கவும் இல்லை, நீங்கள் அறியாமல் கொடுத்த இன்னொரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

எயார்பஸில் அநேகமான காரணம் ஓபன் டிசென்ட். அந்த மோடில் எஞ்சின் ஐடிலில், அதாவது ஆகக் குறைந்த சக்தியில், நிற்கும், வேகத்தை மூக்கின் சாய்வால் பிடிப்பார்கள். உயரத்தில் இருந்து இறங்க நல்ல சாமான், ஓடுபாதைக்குக் கிட்ட ஆபத்து. 1990 பெப்ரவரி 14, பெங்களூர், இந்தியன் எயார்லைன்ஸ் 605: அணுகலின், அதாவது ஓடுபாதைக்கு இறங்கி வருவதன், கடைசிப் பகுதியில் ஏ320 அந்த ஐடில் மோடிலேயே இருந்தது, வேகம் குறைந்துகொண்டே போனது, ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தில் இரண்டு ஃபிளைட் டைரக்டரையும் (எப்படிப் பறக்க வேண்டும் என்று திரையில் கோடு காட்டுவது, ஆளுக்கொன்று) அணைத்தால்தான் ஓட்டோதிரஸ்ட் (எயார்பஸில் ஓட்டோதிரொட்டிலின் பெயர்) வேகத்தைப் பிடிக்கும் ஸ்பீட் மோடுக்குத் திரும்பும். ஒன்றை மட்டும் அணைத்து மற்றதை விட்டால் பழைய மோடிலேயே கிடக்கும். கண்ணால் பார்த்து இறங்குவதென்றால் இரண்டையும் அணை என்று நான் பெடியளைக் கத்துவது இதனால்தான்.

போயிங்கில் வேறு முகம். 777இல் ஃபிளைட் லெவல் சேஞ்ச், அதாவது செற் பண்ணிய உயரத்துக்குப் போகும் மோடில் இறங்கும்போது திரொட்டில் ஐடிலுக்கு வந்து ஹோல்ட் என்று எழுத்துக் காட்டினால், அது கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது என்று அர்த்தம். வேகம் எவ்வளவு விழுந்தாலும் எழும்பாது. 2013 ஜூலை 6, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏசியானா 214. வானம் தெளிவு, அந்த ஓடுபாதையின் கிளைட் ஸ்லோப் (இறங்கும் சாய்வைக் காட்டும் ரேடியோக் கதிர்) திருத்த வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. உயரம் கூடுதலாக இருந்ததால் விமானி அந்த மோடைப் போட்டார், செற் பண்ணியிருந்த உயரம் மேலே 3000 அடியில் இருந்தபடியால் விமானம் ஏறப் பார்த்தது, அவர் ஓட்டோபைலட்டை விலக்கி எஞ்சின் லீவரை ஐடிலுக்கு இழுத்தார், ஹோல்ட் வந்தது. வேகம் 137 நொட் (மணிக்கு 137 கடல் மைல்) இருக்க வேண்டிய இடத்தில் 103 அளவுக்கு விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள்.

மூன்றாவது கதை இன்னும் கள்ளமானது. 2009 பெப்ரவரி 25, ஆம்ஸ்டர்டாம், டர்க்கிஷ் 1951, ஒரு 737-800. தரைக்கு உள்ள உயரத்தை ரேடியோ அலையால் அளக்கும் இடப்பக்க ரேடியோ உயரமானி ஏறக்குறைய 2000 அடியில் பறக்கும்போதே மைனஸ் 8 அடி என்று காட்டியது. ஓட்டோதிரொட்டில் அந்த இடப்பக்கத்தைத்தான் நம்பும், ஆகவே தரைக்கு வந்தாயிற்று என்று ரிட்டார்ட் மோடுக்குப் போய் எஞ்சினை ஐடிலில் வைத்தது. ஓட்டோபைலட்டோ சரியாக இருந்த வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பாதையைப் பிடிக்க மூக்கைத் தூக்கியபடியே இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: விமானம் உயரமாக வந்து கிளைட் ஸ்லோப்பை மேலிருந்து பிடித்துக்கொண்டிருந்தது. அப்படி வரும்போது எஞ்சின் ஐடிலில் இருப்பது இயல்புதானே? பிழை, இயல்பான ஒன்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வேகம் ஆபத்தாகக் குறைந்தால் கைப்பிடியை உலுக்கும் ஸ்டிக் ஷேக்கர் அதிர்ந்தபோது உயரம் 460 அடி. ஒன்பது பேர் போனார்கள்.

கைவைத்தியம்: கையை லீவரில் வையுங்கள், ஓட்டோதிரொட்டில் போட்டிருந்தாலும். வேகம் இலக்கில் இருந்து 5 நொட் கீழே போய் லீவர் அசையவில்லை என்றால் காரணம் தேட வேண்டாம். முதலில் தள்ளுங்கள், பிறகு எழுத்தை வாசியுங்கள். எயார்பஸில் லீவர் தானாக அசையாது, அதனால் அங்கே எஞ்சின் முள்ளைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் பலாலி விமான நிலையத்துக்கு வரும் ஏடிஆர் 72இல் ஓட்டோதிரொட்டிலே இல்லை, விமானி தன் கையால்தான் சக்தியைக் கூட்டிக் குறைக்கிறார். அதில் நன்றாகப் பழகிய பெடியன் ஒருவன் 737க்கு மாறியபோது மற்றவர்களை விட வேகத்தை வடிவாகப் பிடித்தான். கை பழகியிருந்தது.

அறிகுறி: ஏபிஆர் அழுத்தியாயிற்று, கிளைட் ஸ்லோப் பிடிக்கவில்லை, வைரக்குறி கீழே கிடக்கிறது

ஏபிஆர் என்பது கிளைட் ஸ்லோப்பைப் பிடி என்று கேட்கும் பட்டன், வைரக்குறி என்பது அந்தக் கதிர் உங்களுக்கு மேலேயா கீழேயா என்று திரையில் காட்டுவது. குறி கீழே என்றால் உயரமாக வந்துவிட்டீர்கள். கணக்கு சுகம்: ஓடுபாதைக்கு எத்தனை கடல் மைல் என்பதை 300ஆல் பெருக்குங்கள். பத்து மைலில் 3000 அடி, ஐந்து மைலில் 1500. தலைக்கணக்கில் வருவதால் கணினி பொய் சொன்னாலும் பிடித்துவிடலாம்.

பின்காற்று இதைக் கெடுக்கும். பலாலி ஓடுபாதை 05/23 (ஒரே பாதையின் இரண்டு திசைகள்), எங்கள் காற்றுக்கென்றே போட்ட மாதிரி: சோளகம் அடிக்கும்போது 23இல் இறங்கினால் முகத்துக்குக் காற்று, வாடைக்கு 05. சிமுலேட்டரில் ஆடி மாதக் காற்றைப் போட்டுவிட்டு 05இல்தான் இறங்குவேன் என்று நிற்கிறவன் எங்களிடம் ஒருவன் இருக்கிறான். தரை வேகம் கூடும், இறக்க வீதமும் கூட வேண்டும், அது கூடினால் வேகம் குறையாது. தரை வேகத்தை 5ஆல் பெருக்கினால் 3 பாகைப் பாதைக்கு வேண்டிய இறக்க வீதம் வரும்: 140 நொட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. பின்காற்றில் 160 ஆனால் 800. 1000ஐத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்று கணக்கு வந்தால் அந்த அணுகல் சரிவராது.

மேலிருந்து பிடிக்க வேண்டியிருந்தால், முதலில் லோக்கலைசரை, அதாவது ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் கதிரை, பிடித்திருக்க வேண்டும். சில்லை இறக்குங்கள், அதைப்போல் வேகம் கொல்லும் சாமான் வேறில்லை. ஏ320இல் செற் பண்ணும் உயரத்தை விமானத்துக்கு மேலே திருகி வைத்து, இறக்க வீதம் 1500இல் போட்டு இறங்குவார்கள். உயரத்தை மேலே வைப்பது ஏன்? இல்லாவிட்டால் விமானம் நடுவழியில் அந்த உயரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பாருங்கள்: இப்போது கீழே உங்களைத் தடுக்க ஒன்றும் இல்லை. கிளைட் ஸ்லோப் பிடிக்காவிட்டால் அது தரை வரை போகும். ஆகவே கண்ணை எடுக்கக் கூடாது.

இன்னொரு பொறி, போலிப் பாதை. 3 பாகைக் கதிருக்கு மேலே, 9 பாகையளவில், ஐஎல்எஸ் (லோக்கலைசரும் கிளைட் ஸ்லோப்பும் சேர்ந்த கருவி) இன்னொரு கதிரையும் காட்டும், அங்கே சைகை தலைகீழாகவும் வரலாம். 2013இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் ஒரு 737 இப்படி மேலே வந்து போலிச் சைகையைப் பிடித்து மூக்கைச் சட்டென்று தூக்கிக்கொண்டது, வேகம் விழுந்து ஸ்டிக் ஷேக்கர் அதிர்ந்தது, நல்லகாலம் கோ அரவுண்ட் செய்து, அதாவது இறங்குவதை விட்டுத் திரும்ப ஏறி, தப்பினார்கள். கிளைட் ஸ்லோப் பிடித்தது என்று எழுத்து வந்தாலும் அந்த 300 கணக்கோடு ஒருதரம் ஒப்பிடுங்கள்.

எதுவரை முயலலாம்? முகிலுக்குள் என்றால் 1000 அடி, தெளிவான வானில் 500 அடி. அதற்குள் சில்லும் பிளாப்பும் (இறக்கையின் பின்பக்க மடல்) இறங்கி, வேகம் விறெஃபுக்கும் (அந்த எடைக்கு உரிய இறங்கும் வேகம்) அதற்கு மேல் 20 நொட்டுக்கும் இடையில், இறக்க வீதம் 1000க்குள், எஞ்சின் ஐடிலை விட்டு எழும்பி இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கோ அரவுண்ட். மங்களூரில் 2010 மே 22, துணை விமானி கோ அரவுண்ட் என்று மூன்று தரம் சொல்லியும் கப்டன் தொடர்ந்தார், மிக உயரமாக வந்து ஓடுபாதையின் பாதியைத் தாண்டித் தொட்டு, மேட்டில் இருந்து பள்ளத்துக்குள் போய் 158 பேர் இறந்தார்கள். அதை வாசித்த பிறகு எங்கள் வீட்டில் பக்கத்துச் சீற்காரன் கோ அரவுண்ட் என்று சொன்னால் கதையே இல்லை, போக வேண்டும். அவன் பன்னிரண்டு வயதுப் பெடியன் என்றாலும்.

அறிகுறி: திடீரென்று குத்திக்கொண்டு கீழே போகிறது

இறக்க வீதமா, பாதைக் கோணமா, எதில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். எயார்பஸில் ஒரே குமிழ் இரண்டுக்கும். 3.3 பாகை என்று நினைத்துத் திருகினால், மோட் மற்றதில் இருந்தால் அது நிமிடத்துக்கு 3300 அடி. 1992 ஜனவரி 20, ஸ்ட்ராஸ்பூர்க் பக்கத்து மலையில் ஏர் இன்டர் ஏ320 மோதி 87 பேர் இறந்ததற்கு இந்தக் குழப்பம்தான் முக்கிய காரணமாக இருக்கலாம் என்று பார்க்கப்பட்டது. அப்போது குமிழுக்கு மேலே 33 என்றும் 3.3 என்றும்தான் காட்டும், ஒரு புள்ளிதான் வித்தியாசம். பிறகு இறக்க வீதத்தை நாலு இலக்கமாகக் காட்டும்படி மாற்றினார்கள். திருகியவுடன் விமானம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று முள்ளைப் பாருங்கள், திருகிய எண்ணை அல்ல.

அறிகுறி: எல்லா எண்ணும் சரி, ஆனால் தரை கிட்ட இருக்கிறது

எனக்கு மிகவும் பயம் தருவது இது, ஏனென்றால் அறிகுறியே இல்லை. கியூஎன்எச், அதாவது உயரமானியில் செற் பண்ணும் அந்த இடத்துக் காற்றழுத்தம், பிழை. ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறக்குறைய 28 அடி. 2022 மே 23 பாரிஸ் சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்தில் கட்டுப்பாட்டாளர் 1001க்குப் பதிலாக 1011 என்று சொல்லிவிட்டார். ஏ320 காற்றழுத்த உயரத்தை நம்பும் செய்மதி அணுகலில் வந்துகொண்டிருந்தது. முழுப் பாதையும் 280 அடி கீழே நகர்ந்துவிட்டது. ஓடுபாதையைக் காணாமல் கோ அரவுண்ட் செய்தார்கள். அந்த நேரத்தில் ரேடியோ உயரமானி காட்டிய மிகக் குறைந்த உயரம் 6 அடி. ஓடுபாதைக்கு வெளியே.

இதில் என் 300 கணக்கு உதவாது. தூரத்தையும் உயரத்தையும் ஒப்பிடும்போது அந்த உயரமே பிழையான மானியில் இருந்துதான் வருகிறது, ஆகவே எல்லாம் அழகாகப் பொருந்தும். பிடிக்கக்கூடியது மூன்றுதான்: கியூஎன்எச்சை இரண்டு வேறு இடத்தில் இருந்து எடுப்பது, ரேடியோ உயரமானி என்ன சொல்கிறது என்று பார்ப்பது, ஓடுபாதை தெரிந்தால் அதன் பக்கத்தில் இருக்கும் நாலு பாப்பி விளக்கு. நாலும் சிவப்பென்றால், அதாவது மிகத் தாழ்வு என்றால், எண்ணை விட்டுவிட்டு விளக்கை நம்புங்கள். ஐஎல்எஸ் கதிர் தரையில் இருந்து வருவதால் கியூஎன்எச் பிழைத்தாலும் பாதை நகராது, முடிவெடுக்கும் உயரம்தான் பிழைக்கும்.

மைக்ரோசொஃப்ட் சிமுலேட்டரில் பி பொத்தானை அழுத்தினால் அழுத்தம் தானாகச் சரியாகிவிடும். எங்கள் விசைப்பலகையில் அந்த பி இப்போது இல்லை. நான்தான் கழற்றி வைத்திருக்கிறேன்.

அறிகுறி: வேறு பக்கம் திரும்புகிறது

பாதையில் பிழையான புள்ளியைப் போட்டிருக்கிறீர்கள், அல்லது கடைசி நேரத்தில் ஓடுபாதையை மாற்றிவிட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 1995 டிசம்பர் 20, கொலம்பியாவின் காலி: நேராக இறங்கும் வேறு ஓடுபாதை தருகிறோம் என்றதும் 757 விமானிகள் ஒத்துக்கொண்டு அவசரமாகத் தட்டினார்கள். ரோசோ என்ற புள்ளியை நினைத்து ஆர் என்று மட்டும் அடித்தபோது கணினி பொகோட்டா பக்கத்து ரோமியோவை எடுத்தது. விமானம் இடப்பக்கம் திரும்பி மலைக்குள் போனது, 159 பேர் இறந்தார்கள். நீங்கள் சென்னையில் 07க்கு வந்துகொண்டிருக்கும்போது 25 என்று மாற்றினால் நடுப்படிக்கு இறங்குங்கள்: திசையைத் திருகிக் கொடுத்து விமானத்தை நிதானமாக ஓடவிட்டு, ஒருவர் மட்டும் தட்ட, மற்றவர் வெளியே பார்க்க வேண்டும். போட்ட பாதையை வரைபடத்தில் பார்த்த பிறகுதான் எக்ஸிகியூட் பட்டன். நேரம் போதாதென்றால் இன்னும் ஒரு சுற்றுக் கேளுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அறிகுறி: மூக்கு உங்களோடு மல்லுக்கட்டுகிறது

நீங்கள் அமுக்க அது தூக்கும். ஓட்டோபைலட் வேறு மோடில் போட்டிருக்க நீங்கள் கையால் இழுபறிப்படுகிறீர்கள். நகோயாவில் 1994 ஏப்ரல் 26, ஏ300 ஒன்றில் துணை விமானியின் கை தற்செயலாகக் கோ அரவுண்ட் லீவரில் பட்டது. அவர்கள் இறங்கவே பார்த்தார்கள், ஓட்டோபைலட்டோ ஏறப் பார்த்துப் பின்னிறக்கையை முழுவதும் மேல்நோக்கித் திருகி வைத்தது. 264 பேர் இறந்தார்கள். பட்டம் விட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: முச்சை பிழையென்றால் நூலை எவ்வளவு இழுத்தாலும் பட்டம் குத்தும், இறக்கி முச்சையைத்தான் திருத்த வேண்டும். முதலில் சிவப்புப் பட்டனால் ஓட்டோபைலட்டை விலக்குங்கள், பிறகு ட்ரிம் (அந்தப் பின்னிறக்கையின் சாய்வு), பிறகு மூக்கு.

அறிகுறி: கோ அரவுண்ட் செய்தேன், ஏறவில்லை

ஏ320இல் லீவரை டோகா (முழுச் சக்தி) பள்ளம் வரை முழுவதும் தள்ளினால்தான் மோட் மாறும். பாதியில் நிறுத்தினால் சத்தம் வரும், ஆனால் ஃபிளைட் டைரக்டர் இன்னும் ஓடுபாதையைத்தான் காட்டிக்கொண்டிருக்கும், ஓட்டோபைலட் திரும்பவும் கீழே இழுக்கும். டோகா, எஸ்ஆர்எஸ் (ஏறும் மோட்) என்று எழுத்து வந்ததா என்று வாசியுங்கள்.

போயிங்கில் வேறு கதை. சில்லு ஓடுபாதையைத் தொட்டுவிட்டால் டோகா பட்டன் வேலை செய்யாது. 2016 ஓகஸ்ட் 3, துபாய், ஒரு 777 தொட்டு மீண்டும் எழும்ப முயன்றது. பட்டனை அழுத்தியும் எஞ்சின் ஐடிலில் கிடந்தது, அதைக் கவனித்து லீவரைத் தள்ளியபோது நேரம் போய்விட்டது. உள்ளே இருந்த 300 பேரும் தப்பினார்கள், ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். தொட்ட பிறகு எழும்புவதென்றால் பட்டனை மறந்துவிட்டுக் கையால் லீவரை முன்னால் தள்ளி, முள் ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் மூக்கைத் தூக்குவது. இதைச் சிமுலேட்டரில் பழக 737ஐ எடுத்து, சில்லு தொட்டவுடன் பக்கத்துச் சீற்காரனைக் "கோ அரவுண்ட்" என்று கத்தச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லோரும் பட்டனைத்தான் அழுத்துவார்கள்.